குதிகால் வலிக்கு ஃபேஷியா சிகிச்சை: மூன்று வருடம் கழித்து

குதிகால் வலிக்காக ஃபேஷியா சிகிச்சை, அதாவது தசைகளைச் சுற்றியிருக்கும் இணைப்புத் திசுவைக் கையால் அழுத்திச் செய்யும் சிகிச்சை, எடுத்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. முதல் நாளே கால் லேசானது உண்மை. ஆனால் அந்த நிம்மதியில் எவ்வளவு தங்கியது, எதனால் தங்கியது என்பது இவ்வளவு காலம் போன பிறகுதான் எனக்குத் தெளிவாகிறது. இதே வலியோடு எத்தனையோ பேர் மாத்திரை, செருப்பு, ஊசி என்று அலைவதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை. நாள் முழுக்க சிமெண்ட் தரையில் நின்றபடி வேலை. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகாலின் உட்பக்கம் சுரீரென்று குத்தும். கொஞ்சம் நடந்தால் அடங்கும், சாயங்காலம் திரும்ப வரும். எக்ஸ்ரேயில் எலும்பு சற்று முன்னே நீண்டிருந்தது. வலியே இல்லாத பலருக்கும் அப்படி இருக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். அம்மா சொன்னபடி சூடான செங்கல் மேல் எருக்கிலை வைத்து ஒத்தடம் கொடுத்தேன். சூடு இதமாகத்தான் இருந்தது. மறுநாள் முதல் அடியில் வலியும் அப்படியே இருந்தது.

குதி எலும்பிலிருந்து விரல்களின் அடி வரை ஓடும் தடித்த பட்டை ஒன்று உண்டு. அதுதான் பிளான்டார் ஃபேஷியா. வில்லுக்கு நாண் மாதிரி பாத வளைவை இழுத்துப் பிடித்திருக்கிறது. கெண்டைக்கால் தசை இறுகினால் இதன் மேல் விழும் சுமை கூடும். அதனால்தான் பிசியோதெரபிஸ்ட் பாதத்தைத் தொடுவதற்கு முன்னால் கெண்டைக்காலில் தொடங்கினார்.

எண்ணெய் மசாஜ் போல வழுக்கித் தேய்ப்பது இல்லை இது. எண்ணெயே கிட்டத்தட்ட கிடையாது, தோலை நழுவ விடக்கூடாது. குப்புறப் படுக்கச் சொல்லி, கட்டைவிரலாலும் விரல் முட்டியாலும் ஒரு இடத்தில் அழுத்தி, மிக மெதுவாக நகர்த்துவார். சில இடங்களில் அழுத்தும்போது வலி பாதம் வரைக்கும் ஓடும், கொஞ்ச நேரத்தில் தணியும். கடைசியில் உள்ளங்காலும் குதிகாலின் உட்பக்கமும். அங்கே பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தாங்க முடியாவிட்டால் சொல்லுங்கள் என்று கேட்டுக்கேட்டுத்தான் செய்தார். நல்ல கைக்கு அதுதான் அடையாளம் என்று இப்போது நினைக்கிறேன். கதற வைத்தால்தான் குணமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

முதல் சில வாரங்கள் ஒரே கதைதான். சிகிச்சை முடிந்த அன்று நிம்மதி, மறுநாள் கொஞ்சம் கன்றிய வலி, அப்புறம் பழைய குத்தல் பாதி பலத்தில் திரும்பும். மெல்ல மெல்ல அந்த நிம்மதி நீண்டது. இதற்குள் நான் படிக்கவும் ஆரம்பித்திருந்தேன்.

கையால் அழுத்தினால் ஒட்டிக்கொண்ட திசு பிரிந்துவிடும், வீக்கம் கரைந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். பிளான்டார் ஃபேஷியா அவ்வளவு எளிதில் வளைந்து கொடுக்காது. 2008-இல் வெளியான ஒரு கணித ஆய்வின்படி, இந்தப் பட்டையை ஒரு சதவீதம் அமுக்குவதற்கே மனிதக் கை தரக்கூடியதைவிடப் பல மடங்கு விசை வேண்டும். வீக்கம் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். 2003-இல் அமெரிக்கப் பாத மருத்துவர் ஹார்வி லெமான்ட் குழுவினர், அறுவைச் சிகிச்சையில் எடுத்த 50 பேரின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அங்கே இருந்தது வீக்கத்தை உண்டாக்கும் அழற்சி (இன்ஃப்ளமேஷன்) இல்லை, நார்களின் சிதைவு. நாள்பட்ட குதிகால் வலியில் அழற்சியை மட்டும் குறிவைத்தால் ஏன் போதவில்லை என்பது அதில் விளங்கியது.

அப்படியானால் கைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2012-இல், கடும் உடற்பயிற்சி செய்த 11 இளைஞர்களுக்கு ஒரு காலில் மட்டும் 10 நிமிடம் மசாஜ் கொடுத்துத் தசையைச் சோதித்தார்கள். மசாஜ் பெற்ற காலில் அழற்சிச் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. இணைப்புத் திசுவை ஆராயும் ஹெலன் லாஞ்செவின் குழு எலிகளின் முதுகில் அழற்சியை உண்டாக்கி, தினமும் மென்மையாக நீட்டிவிட்டபோது அந்த அழற்சி சீக்கிரம் அடங்கியது. இரண்டும் குதிகாலில் செய்தவை இல்லை, அதனால் அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. என் அனுபவத்தில் கை செய்தது வலியைத் தணித்தது, கணுக்காலை இலகுவாக மடங்க வைத்தது. அந்த இடைவெளியில்தான் என்னால் பயிற்சியைத் தொடங்க முடிந்தது.

பயிற்சிதான் தங்கியது. காலையில் இறங்குவதற்கு முன்பே ஒரு காலை மற்றொன்றின் மேல் போட்டு, கால்விரல்களை முழங்கால் பக்கமாக இழுத்து, பத்து எண்ணி விட வேண்டும். இப்படிப் பத்து முறை. இன்னொன்று டென்மார்க்கில் 48 பேரிடம் சோதித்தது. படியின் விளிம்பில் நின்று, விரல்களுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு குதிகாலை மூன்று வினாடியில் உயர்த்தி, இரண்டு வினாடி நிறுத்தி, மூன்று வினாடியில் இறக்குவது. ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்று மாதத்தில் இதைச் செய்தவர்கள் வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிட முந்தியிருந்தார்கள். ஒரு வருடத்தில் இரு தரப்பும் சமமாகிவிட்டது. சீக்கிரம் நிற்க வேண்டியவர்களுக்கு அந்த மூன்று மாதம் பெரிய விஷயம். நான் இன்னும் விடவில்லை.

வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதை நிறுத்தி மெத்தென்ற ரப்பர் அடியுள்ள எம்.சி.ஆர். செருப்பு போட்டதும் உதவியது. கிளினிக்கில் என்னோடு காத்திருந்தவர்களில் ஜவுளிக்கடைப் பெண்கள் அதிகம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இலேயே சட்டத்திருத்தம் வந்துவிட்டது. நாற்காலி இருந்தும் உட்கார முடியாமல் நிற்கிறார்கள் என்பதைக் கேட்கும்போது மனசு வலிக்கிறது. அந்தக் கால்களுக்கு எந்த சிகிச்சையும் பாதிதான் வேலை செய்யும்.

போன வருடம் பொதுத்தேர்வுக் கண்காணிப்பில் நீண்ட நேரம் நின்று வலி திரும்பியது. பிசியோவிடம் கொஞ்ச நாள் போனேன், பயிற்சியைக் கூட்டினேன், அடங்கியது. இப்போது மாதக்கணக்கில் தொடர்ந்து வரச்சொல்லும் பேக்கேஜ் எதுவும் எடுப்பதில்லை. சில அமர்வுகளுக்குள் மாற்றம் தெரியாவிட்டால் வழியை மாற்றச் சொல்வேன்.

சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால் யாரையும் அழுத்தவிடக் கூடாது, இரத்தக்கட்டியாக இருக்கலாம். இளவயதில் இரண்டு குதிகாலும் சேர்ந்து வலித்து, காலையில் முதுகும் வெகுநேரம் இறுகியிருந்தால் மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள். அது உண்மையான அழற்சியாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு.