பழைய ஏசிக்கு மாற்று: மூன்று நட்சத்திரமா, ஐந்து நட்சத்திரமா, பழுது பார்ப்பதா?

எங்கள் வீட்டு மாடி அறையில் பன்னிரண்டு கோடைகளைக் கடந்த ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி, இந்தப் பங்குனியில் வெறும் காற்றை மட்டும் தள்ளத் தொடங்கியது. பார்க்க வந்த மெக்கானிக், "கேஸ் மட்டும் அடிச்சா ரெண்டு வருஷம் ஓடும்ணே" என்றார். அவர் சொன்ன தொகை குறைவுதான். ஆனால் சென்ற ஆண்டும் இதே வேலையைச் செய்திருந்தோம். மூடிய குழாய்க்குள் சுற்றிவரும், குளிரூட்டும் கேஸ் தானாகத் தீர்ந்துபோவதில்லை. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கசிவு இண்டோர் காயிலிலேயே, அதாவது அறைக்குள் இருக்கும் பெட்டியின் குழாய்ச் சுருளிலேயே, இருப்பது தெரிந்ததும், காயிலை மாற்றும் செலவையும் இயந்திரத்தின் வயதையும் சேர்த்துப் பார்த்தேன். அதில் ஓடுவது ஆர்-22 என்ற பழைய வகைக் கேஸ். அதை நிரப்பிப் புதிய ஏசி தயாரிப்பது இந்தியாவில் 2025 ஜனவரியோடு நின்றுவிட்டது. பழுது பார்க்கும் யோசனையை அன்றே கைவிட்டேன்.

ஏர் கூலரையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சென்னையில் அது பயனற்றது என்பவர்கள் மதுரைக்கும் அதையே சொல்கிறார்கள், அது சரியன்று. சித்திரை வெயிலில் இங்கே காற்று வறண்டிருப்பதால், சன்னலைத் திறந்துவைத்தால் கூலர் ஓரளவு வேலை செய்யும். ஆனால் போர்வெல் தண்ணீரின் உப்பு சில வாரங்களிலேயே அதன் தட்டிகளில் படிந்துவிடுகிறது; ஐப்பசி மழைக்காலப் புழுக்கத்தில் அதனால் எந்தப் பயனும் இல்லை. பகலில் கூடத்தில் வைக்கலாம். படுக்கையறை ஏசிக்கு அது மாற்றாகாது.

எஞ்சிய உண்மையான போட்டி, மூன்று நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசிக்கும் (தேவைக்கேற்ப கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசிக்கும் இடையில்தான். இங்கே முதலில் சொல்ல வேண்டியது, நட்சத்திரங்களை எண்ணுவதைவிட லேபிளில் உள்ள ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணை, அதாவது மின்சாரத்தை எவ்வளவு சிக்கனமாகக் குளிர்ச்சியாக்குகிறது என்று காட்டும் அளவை, படிப்பது நல்லது என்பது. 2018 அளவுகோலில் ஐந்து நட்சத்திரம் பெற 4.50 போதுமானதாக இருந்தது. 2022 ஜூலை முதல் 5.00 தேவைப்பட்டது, 2026 ஜனவரியில் அளவுகோல் மீண்டும் உயர்ந்தது. ஆகவே, கடையில் தேங்கிய பழைய சரக்கின் ஐந்தும் புதிதாக வந்த சரக்கின் ஐந்தும் ஒன்றல்ல. எண் எவ்வளவு பெரிதோ, அதே குளிர்ச்சிக்கு மின்சாரம் அவ்வளவு குறைவு.

நான் எடை போட்ட இரண்டு ஒன்றரை டன் ஏசிகளின் எண்கள் 3.9, 5.0; 2022 அளவுகோலில் முன்னது மூன்று நட்சத்திரம், பின்னது ஐந்து. ஆண்டுக்கு 1600 மணி நேரம் ஓடும் என்ற கணக்கில்தான் லேபிள் யூனிட்டுகளைக் காட்டுகிறது; முன்னதற்கு ஏறத்தாழ 1000 யூனிட், பின்னதற்கு 780. விலை வித்தியாசம் 9,000 ரூபாய். இதை வைத்துக்கொண்டு எது சிறந்தது என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஏனென்றால் நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. இரண்டு மாதங்களில் 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த குறைந்த விலை போய்விடுகிறது. 2024 ஜூலைக் கட்டணப்படி 601 முதல் 800 வரை ஒவ்வொரு யூனிட்டுக்கும் 9.65 ரூபாய்.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ், மோட்டார், மின்விசிறிகள் என்று ஏசி இல்லாமலே இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஆகிறது. இரவு எட்டு மணி நேரம் ஏசி ஓடினால் மூன்று நட்சத்திரம் 300 யூனிட்டையும் ஐந்து நட்சத்திரம் சுமார் 235 யூனிட்டையும் எடுக்கும். மொத்தம் 720 அல்லது 655. மிச்சமாகும் 65 யூனிட்டும் 9.65 ரூபாய்ப் படியிலேயே விழுவதால் ஒரு பில்லுக்கு 627 ரூபாய் குறைகிறது. கோடையை ஒட்டிய மூன்று பில்களில் சுமார் 1,900 ரூபாய்; ஐந்து ஆண்டுக்குள் கூடுதல் விலை திரும்பிவிடும். திருமங்கலத்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக் கணக்கோ வேறு. அங்கே ஏசி இல்லாத செலவு 200 யூனிட், ஏசி ஓடுவது ஐந்து மணி நேரம். வித்தியாசம் 41 யூனிட் அளவுதான்; அதுவும் 4.80 ரூபாய்ப் படியில் விழுவதால் பில்லுக்குச் சுமார் 200 ரூபாய். அந்த 9,000 ரூபாயை மீட்கப் பதினைந்து ஆண்டு ஆகும். அதற்குள் ஏசியே போய்விடும். அவளுக்கு மூன்று நட்சத்திரத்தையே வாங்கச் சொன்னேன்.

இவை லேபிள் கணக்குகள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் உண்மைச் செலவு இதைவிடக் கூடும், ஏனெனில் பகலெல்லாம் காய்ந்த தளம் நள்ளிரவு வரை வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருக்கிறது. மேலும், பெட்டியில் எழுதிய டன் அளவு வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. மதுரை 40 டிகிரியைத் தொடும் நாளில் அந்தக் குளிர்ச்சி முழுதாகக் கிடைக்காது. மாடி அறைக்கு ஒரு டன் போதும் என்று விலைக்காக இறங்குவதை நான் ஏற்கமாட்டேன். கீழ்த்தளத்தில் 120 சதுர அடி அறையென்றால் ஒரு டன்னே தாராளம். தங்கைக்கு மிச்சமான 9,000 ரூபாயில் மாடித் தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் இரண்டு நட்சத்திரத்தைவிட அது அந்த அறைக்கு அதிகம் உதவும் என்பது என் கருத்து.

எங்களுக்கு ஐந்து நட்சத்திரம் வந்து இறங்கியது. மாட்ட வந்தவர்கள், சுவரில் ஏற்கெனவே இருக்கும் காப்பர் பைப்பையே வைத்துக்கொண்டால் செலவு மிச்சம் என்றார்கள். புதிய ஏசியில் இருப்பது ஆர்-32 என்ற வேறு கேஸ். அதன் அழுத்தம் ஆர்-22ஐவிட மிக அதிகம், கம்ப்ரஸர் எண்ணெயும் வேறு வகை. பழைய பைப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, புதிய பைப்பில் கேஸைத் திறப்பதற்கு முன் வேக்யூம் பம்ப் வைத்துக் காற்றை இழுக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.