ஆடித் தள்ளுபடியில் துண்டு மட்டும் வாங்கிய கதை

ஆடி முதல் வாரத்தில், 50 விழுக்காடு தள்ளுபடி என்ற விளம்பரத்தை நம்பி, திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையிலுள்ள பெரிய ஜவுளிக்கடை ஒன்றுக்குச் சென்றேன். அந்தச் சலுகை வாசலில் குவித்திருந்த சேலைகளுக்கு மட்டுமே. அவையும் மடிப்பில் நிறம் வெளுத்த பழைய சரக்கு. ஆனியில் நான் 1,150 ரூபாய்க்குப் பார்த்துவைத்திருந்த அதே சட்டை, புதுச் சீட்டில் 1,500 ரூபாயாக ஏறி, 20 விழுக்காடு கழிந்து 1,200 ரூபாயில் வந்து நின்றதைக் கண்டபோது சிரிப்புத்தான் வந்தது. சீட்டில் அச்சிடும் அதிகபட்ச சில்லறை விலை வெறும் உச்சவரம்பு என்பதால், கழிவை அதிலிருந்து கணக்கிடாமல், சென்ற மாதம் விற்ற விலையோடு ஒப்பிடுவதே முறை.

போர்வையும் துண்டும் உண்மையிலேயே மலிவு. ஆறு துண்டுகள் வாங்கினேன். சாயம் போகவில்லை, ஒன்றில் மட்டும் கரை பிரிந்திருந்தது. பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்றிருந்தாலும், குறையுள்ள பொருளைப் பில்லில் கண்ட காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகம் என்று எடுத்துச் சொன்னதும், மேலாளர் மறுபேச்சின்றி மாற்றிக்கொடுத்தார். வண்டி நிறுத்த அரைமணி நேரம் அலைந்தது தனி. அடுத்த ஆடிக்கும் துண்டுக்காகப் போவேன். சேலைக்குப் போக மாட்டேன்.