மெல்லுகிற பூச்சியா, உறிஞ்சுகிற பூச்சியா: மரவள்ளிக்கு யார் பெரிய எதிரி?

ஆத்தூர், ஏத்தாப்பூர் பக்கம் மரவள்ளிக் காட்டில் இலையில் நாலு ஓட்டை விழுந்தால் பதறி மருந்துக்கடைக்கு ஓடுகிறோம், குருத்து சுருண்டு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தால் சத்துக் குறைவு என்று நகர்ந்துவிடுகிறோம். என்னைக் கேட்டால் பயம் தலைகீழாக இருக்கிறது.

புழு மாதிரி மெல்லுகிற கூட்டத்துக்கு மரவள்ளியிடம் பதில் உண்டு. இலைச் செல்லுக்குள் லினமரின் என்ற சயனைடுச் சேர்மம் தனியாகவும், அதை உடைக்கிற நொதி செல்சுவரிலும் இருக்கும். மென்று நசுக்கியதும் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு கிளம்பும். பச்சை இலையை ஆட்டுக்கு அள்ளிப் போடாதே என்று பெரியவர்கள் சத்தம் போடுவது இதனால்தான். அதோடு செடியின் தற்காப்பு ஹார்மோனான ஜாஸ்மோனிக் அமிலம் ஏறி, கடிபடாத இலைக்கும் சேதி போகும். எல்லாச் செடிக்கும் இந்த வித்தை பலிப்பதில்லை, ஏற்காட்டுக் காப்பியின் காஃபீனைக் காய்த்துளைப்பான் வண்டு தன் குடல் பாக்டீரியாவை வைத்தே சிதைத்துவிடுகிறது.

குருத்தை வெள்ளையாகப் பூக்க வைக்கிற மாவுப்பூச்சி, சாற்றை உறிஞ்சுகிற கூட்டம், பூட்டை உடைக்காமல் கள்ளச்சாவி போடுகிற ரகம். ஊசி வாயைச் செல்களின் இடுக்கு வழியாகவே செலுத்திச் சாற்றுக்குழாயில் வைப்பதால் பெரிதாக எதுவும் நசுங்காது, சயனைடும் அவ்வளவாகக் கிளம்பாது. இந்த ரகத்துக்குப் பெரும்பாலும் செடியின் இன்னொரு தற்காப்பான சாலிசிலிக் அமில வழிதான் எழும், அது ஜாஸ்மோனிக் வழியை அமுக்கவும் செய்யும். மரவள்ளிக்கென்றே வந்த இளஞ்சிவப்பு மாவுப்பூச்சியோ முழுக்கப் பெண்கள், ஆண் இல்லாமலே பெருகும். 2020இல் கேரளாவில் தென்பட்டது, கொஞ்ச நாளில் சேலம், நாமக்கல் காடுகளில் கணு குறுகி நுனி கொத்தாகிப் போனது.

செடி சும்மா இருந்துவிடவில்லை. மாவுப்பூச்சி ஏறிய மரவள்ளி ஒரு வாசனையை விட்டு மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லுகிற அனாகைரஸ் லோபெசி என்ற குட்டிக் குளவியை வரவழைக்கும், பூச்சி ஏறாத இலையிலிருந்துகூட. வினை என்னவென்றால் பூச்சி, குளவி ரெண்டுக்குமே சொந்த ஊர் தென் அமெரிக்கா. பூச்சி மட்டும் இங்கே வந்துவிட்டது, வராத ஆளைத்தான் நம்ம செடி கூப்பிட்டுக்கொண்டிருந்தது! அப்புறம் ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து குளவியைத் தருவித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள்.

ஆக என் ஓட்டு உறிஞ்சுகிறவனுக்குத்தான், அவனே பெரிய எதிரி. கொத்தான நுனியைக் கிள்ளி எரியுங்கள், பூச்சி ஏறிய காட்டில் விதைக்குச்சி வெட்டாதீர்கள். ஆனால் மாவுப்பூச்சி பழுப்பாக உப்பி இறுகிக் கிடந்தால் உள்ளே குளவி வளர்கிறது. அன்றைக்கு மருந்து டேங்கைத் தோளில் மாட்ட வேண்டாம்.