மூன்றுக்கு இரண்டு: மதுரையில் கணுக்காலில் ஒரு கோலம்

இந்த மார்கழியில் கனடாவின் டொரன்டோவிலிருந்து போய் மூன்று வாரம் மதுரையில் இருந்துவிட்டு வந்தேன். வங்கியில் பெயர் திருத்தம், அப்பாவுக்குக் கண் பரிசோதனை, எனக்குப் பல் அடைப்பு என்று நாலைந்து வேலை இருந்தது. எல்லாம் சொன்ன நாளில் முடிந்தது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கடைசியாக வைத்திருந்த ஒரு சின்ன வேலைதான் பத்து நாள் என்னைத் தூங்கவிடவில்லை. வலது கணுக்காலின் வெளிப்பக்கம், கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு, ஒரு கோலத்தை டாட்டூவாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

டொரன்டோவில் இல்லாத டாட்டூ கடையா என்று அங்கே இருக்கிறவர்கள் கேட்பார்கள். முதலில் அங்கேதான் போனேன். வாசலில் நகரச் சுகாதாரத் துறையின் பச்சை அட்டை, உள்ளே ஒப்புதல் படிவம், முன்பணம், எல்லாம் ஒழுங்கு. எவ்வளவு சின்னதாக இருந்தாலும் குறைந்தது 120 டாலர் என்றார்கள், அதுவும் சரி. மினிமல் டிசைன் என்று அவர்கள் காட்டியவை அலை, மலை, இறகு, முடிவிலிக் குறி, பூனை முகம். நான் கோலத்தின் படத்தைக் காட்டியதும் அந்தப் பெண் 'மண்டலா' என்று சொல்லி வேறு பத்துப் படங்களை எடுத்துக் காட்டினாள். அவள் மேல் தப்பில்லை. ஆனால் கோலத்தைக் கோலமாகவே பார்த்து வளர்ந்த ஒருவர் கையால்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மார்கழி மாதத்து மதுரையில் அப்படி ஒரு ஆளுக்கா பஞ்சம் என்று நினைத்தேன்.

கோலம் என் அப்பத்தாவின் கையில் இருந்தது. இடது முன்கையில், வளையலுக்கு மேலே, மூன்று மூன்றாக இரண்டு வரிசைப் புள்ளி. அந்த ஆறு புள்ளியையும் சுற்றி வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் ஒரே கோடு. பச்சை குத்த ஊருக்குள் வந்த குறவர் வீட்டு அம்மா ஒருவர் பத்து வயதில் குத்திவிட்டதாம். மஞ்சளையும் அகத்திக் கீரையையும் அரைத்துத் துணியில் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்துக் கரி பிடிப்பார்களாம். அந்தக் கரியைத் தாய்ப்பாலில் குழைத்தால் அதுதான் மை. கூலி ஒரு மரக்கால் நெல்லும் பழைய சேலையும். அழுதால் சத்தம் கேட்காமல் இருக்க அந்த அம்மா பாட்டு எடுத்துவிடும் என்று அப்பத்தா சிரித்துக்கொண்டே சொல்லும். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, எடுக்காமல் ஓட்டி, தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வருவதுதான் மத்தியானத்து விளையாட்டு. வயதாகித் தோல் சுருங்கிய பிறகும் அந்தக் கோடு அறுபடவே இல்லை.

அப்பத்தா போய் மூன்று வருடம் ஆகிறது.

கையில் போடாமல் காலில் ஏன் என்று அம்மா கேட்டது. வேலையிடத்தில் கையைப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் கதை சொல்ல எனக்கு மனமில்லை, அதனால் கால். கால் என்று ஆன பிறகு பாதி டிசைன்கள் தாமாகவே விலகிவிட்டன. சாமி, வேல், ஓம் எதுவும் இடுப்புக்குக் கீழே கூடாது. நம் ஊர் டாட்டூக்காரர்களில் பலர் கேட்டாலும் போட மாட்டார்கள். தமிழ் எழுத்து ஒன்று போடலாமா என்றும் யோசித்தேன். தாளில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீட்டில் பிறந்துவிட்டு எழுத்தைக் காலில் எப்படிப் போடுவது? அது போக, ண, ன மாதிரி சுழி உள்ள எழுத்துகளைப் பொடியாகப் போட்டால், பத்து வருடத்தில் மை தோலுக்குள் கசிந்து சுழியின் ஓட்டை அடைத்துவிடும். கோலத்துக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அது தரையில் இருப்பது, காலோடு பழகியது. தலைகீழ் என்பதும் அதற்குக் கிடையாது. எனக்கும் நேர், எதிரே நிற்கிறவருக்கும் நேர். இதைச் சொன்னதும் அம்மா, "என்னமோ பண்ணுடி, கொலுசு உரசாத எடமாப் பாத்துப் போடு" என்று விட்டுவிட்டது.

சரி, இனி மதுரையில் நான் போன முதல் கடை.

பைபாஸ் ரோட்டில், கண்ணாடிக் கதவு, ஏசி, டொரன்டோவில் பார்த்ததைவிடப் பளபளப்பான இடம். சதுர அங்குலத்துக்கு 500 ரூபாய், முன்பணம் 500. உறை பிரிக்காத ஊசியை என் முன்னால் எடுத்து வைத்தார்கள், கையுறை போட்டுக்கொண்டார்கள். சுத்தத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இருபத்தைந்து வயதுத் தம்பி ஒருவர், நல்ல மரியாதை. அப்பத்தா கையின் பழைய புகைப்படத்தையும் நான் தாளில் போட்டிருந்த கோலத்தையும் கொடுத்தேன். "அரை மணி நேரம் கொடுங்கக்கா, கம்ப்யூட்டர்ல சுத்தமா ட்ரேஸ் பண்ணிடறேன்" என்றார். காபிகூட வாங்கிக் கொடுத்தார்கள்.

ஸ்டென்சிலைக் காலில் ஒட்டி எடுத்ததும் ஊதாக் கோடுகளாகக் கோலம் வந்தது. பார்க்க அத்தனை அழகு. எனக்குத்தான் ஏதோ சரியில்லை என்று பட்டது. புள்ளிகளை எண்ணினேன். ஒன்பது. மூன்றுக்கு இரண்டு என்று கொடுத்ததை மூன்றுக்கு மூன்றாக ஆக்கியிருக்கிறார். "நீளமா இருந்தா கணுக்கால்ல ஒக்காராதுக்கா, அதான் சதுரமா சிமெட்ரி பண்ணிட்டேன்" என்றார். நான் ஒரு வளைவில் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தேன். கோடு மூலைக்கு மூலை ஒரு நீள வளையமாகச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்துவிட்டது. பாதிக் கோலத்தை அது தொடவே இல்லை. இன்னொரு வளைவில் வைத்தேன், எதிர் மூலைகளுக்கு இன்னொரு நீள வளையம். நடுவில் வைர வடிவத்தில் மூன்றாவது. மூன்று தனித்தனி வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒற்றைக் கோடு எங்கேயும் இல்லை.

"தம்பி, இது ஒரே கோடா வரணும். இது மூணாப் பிரிஞ்சு கெடக்கு" என்றேன். அவர் குனிந்து பார்த்தார், நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. "பாக்கறதுக்கு ஒரே மாதிரிதானக்கா இருக்கு, யாருக்குத் தெரியப் போகுது?"

எனக்குத் தெரியும். அதற்காகத்தானே பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து அந்த நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறேன்.

இதில் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று பிறகு பல நாள் யோசித்தேன். டொரன்டோப் பெண் தவறாகப் போட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்தக் கடையை விட்டுக் கீழே இறங்கினால், ஒரு வீடு விட்டு ஒரு வீட்டு வாசலில் சிக்குக் கோலம் கிடக்கிறது, நடுவில் சாணிப் பிள்ளையாரும் பூசணிப் பூவும். அந்தத் தம்பியின் வீட்டு வாசலிலும் இருந்திருக்கும். தினமும் அதைத் தாண்டித்தான் கடைக்கு வந்திருப்பார். அது எப்படிப் பின்னப்படுகிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஸ்டென்சிலைத் துடைத்துவிடச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். டிசைன் போட்டாயிற்று என்று முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. 500 ரூபாய் பெரிய காசில்லை, ஆனால் கேட்டது ஒன்று, போட்டது ஒன்று. டொரன்டோவில் என்றால் மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

இதில் ஒளிந்திருப்பது எளிய கணக்கு. நேர்ப்புள்ளி வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையில் ஒவ்வொரு இடத்திலும் கோட்டைக் குறுக்கே விட்டுப் பின்னினால், வரிசைக்கு எத்தனை புள்ளி, எத்தனை வரிசை என்ற இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ அத்தனை கோடுகள் வரும். 3-க்கு 2 என்றால் 1, ஒரே கோடு. 4-க்கு 3 என்றாலும் ஒன்றுதான். 3-க்கு 3 என்றால் மூன்று. ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிடம் ஆகாது. தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, 1974-லேயே கோலங்களைக் கணினிக்கான இலக்கணமாக எழுதி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அப்பத்தாவுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. "சதுரமா வைக்காதடி, கோடு பிரிஞ்சிரும்" என்று மட்டும் சொல்லும்.

இரண்டு நாள் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். சித்தி மகள்தான் கே.கே. நகரில் ஒரு வீட்டு மாடியில் தனியாகக் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் அழைத்துப் போனாள். பலகை கிடையாது, மெத்தை போட்ட நாற்காலி ஒன்று, ஒரு நேரத்தில் ஒரு ஆள். நான் தாளை நீட்டினேன். அந்தப் பெண் எதுவும் கேட்காமல் ஒரு புள்ளியின் ஓரத்தில் பேனா முனையை வைத்து, காற்றிலேயே கோடு முழுக்க ஓட்டிவிட்டு, "ஒத்தக் கோடு. எந்த எடத்துலக்கா ஆரம்பிப்பாங்க உங்க அப்பத்தா?" என்று கேட்டது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பக்கத்தில் சித்தி மகள் இருந்ததால் சமாளித்துக்கொண்டேன்.

அன்றைக்குப் போடவில்லை. ஜெல் பேனாவால் காலில் வரைந்து அனுப்பிவிட்டது. "மூணு நாள் இதோட நடங்க, குளிங்க, கொலுசு போடுங்க, செருப்பு மாத்துங்க. அழிஞ்சா நீங்களே போட்டுக்கங்க." டொரன்டோவில் முன்பணம் கட்டிய பிறகு மூன்று நாள் யோசித்துவிட்டு வா என்று எந்தக் கடையும் என்னிடம் சொன்னதில்லை. அந்த மூன்று நாளில்தான் நான் முதலில் காட்டிய இடம் தப்பு என்று புரிந்தது. கணுக்கால் மொட்டு எலும்பின் மேலேயே வைத்திருந்தேன். அங்கே தோல் மெல்லிசு, அடியில் எலும்பு, ஊசி கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மை பரவிக் கோடு தடித்துவிடுமாம். காலை மடக்கும்போது கோலமும் கோணிக்கொண்டது. எலும்புக்கு இரண்டு விரற்கடை மேலே, கொலுசு விழும் இடத்தையும் தாண்டிப் போடலாம் என்று ஆனது. அளவையும் கூட்டியது. நான் ஒன்றரை செ.மீ. கேட்டேன், அது மூன்று செ.மீ. நீளம், இரண்டு செ.மீ. உயரம் என்றது. புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவில் வெறுந்தோல் நிறையத் தெரிந்தால்தான் இருபது வருடம் கழித்தும் புள்ளி புள்ளியாக இருக்கும். சாம்பல் நிறம் வேண்டாம், நம் தோலில் ஆறியதும் மங்கிப்போகும், கறுப்பே போடுவோம் என்றும் சொன்னது.

போட்ட அன்று ஸ்டென்சில் இல்லை, மார்க்கரால் கையிலேயே வரைந்தது. ஊசியைக் கோலப்பொடி மாதிரி நிறுத்தாமல் இழுக்க முடியாது, தோலை இழுத்துப் பிடிக்கவும் மையைத் துடைக்கவும் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னது. ஆனால் நிறுத்திய இடத்திலேயே மறுபடி தொடங்கி, கோடு போகிற வழியிலேயே போய், கடைசி வளைவைத் தொடங்கிய இடத்தில் கொண்டுவந்து சேர்த்தது. இருபத்தைந்து நிமிடம். வலி எலும்புப் பக்கத்தில் மட்டும் சுருக்கென்று. 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, மேலே ஒரு மெல்லிய பிலிமை ஒட்டி, மூன்று வாரத்துக்குக் குளம், கடல், கொலுசு எதுவும் கூடாது என்று எழுதியே கொடுத்தது. ரத்த தானம் செய்கிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: கனடாவில் டாட்டூவுக்குப் பிறகு மூன்று மாதம் பொறுத்தால் போதும், இந்தியாவில் 12 மாதம்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியக்காலை வாசல் தெளித்துவிட்டு என்னை எழுப்பி, "அந்தக் காலைக் காட்டுடி" என்று பார்த்துப் பார்த்து, கோலப்பொடியில் அதையே பெரிதாகப் போட்டது. இரண்டாவது வரிசையில் ஒரு வளைவை மாற்றிவிட்டு அழித்துப் போட்டது.

டொரன்டோவுக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. பூட்ஸும் கம்பளிக் காலுறையும் உரசி, கணுக்கால் எலும்பை ஒட்டிய வளைவு மட்டும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. படம் எடுத்து அந்தப் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "கோடு அறுபடலக்கா, பயப்படாதீங்க. அடுத்த மார்கழிக்கு வாங்க, காசில்லாமத் தொட்டுத் தர்றேன்" என்று பதில் வந்தது. டிசம்பர் டிக்கெட் விலை இப்போதே பார்க்கத் தொடங்கிவிட்டேன்.