எக்கோஸ்போர்ட் டீசல் டார்க் ராடு: ஒரிஜினலா, லேத்து புஷ்ஷா, பாலி இன்சர்ட்டா?

என் வண்டி 2014 ஃபோர்டு எக்கோஸ்போர்ட், 1.5 டீசல். லட்சம் கிலோமீட்டர் தாண்டின சமயத்துல ஒரு சத்தம் ஆரம்பிச்சுது. ஃபர்ஸ்ட்ல இருந்து செகண்ட் மாத்தி கிளட்ச் விடும்போது அடியில 'டொக்'னு ஒண்ணு, ஸ்பீட் பிரேக்கர் இறங்கி ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா இன்னொரு 'டொக்'. மெக்கானிக் லிங்க் ராடுன்னாரு, மாத்தினோம். லோயர் ஆர்ம் புஷ்னாரு, அதையும் மாத்தினோம். காசு போச்சு, சத்தம் போகல. கடைசியில பானெட்டைத் திறந்து வெச்சு, நான் உள்ள உக்காந்து ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்து, பிரேக்கையும் மிதிச்சுக்கிட்டு ஃபர்ஸ்ட் போட்டு கிளட்சை லேசா லேசா விட, அவரு பக்கவாட்டுல தள்ளி நின்னு பாத்தாரு. இன்ஜின் அப்படியே பின்னாடி மல்லாந்துச்சு. ரிவர்ஸ் போட்டா முன்னாடி குனிஞ்சுது. "தம்பி, இன்ஜின் தூளி ஆடுது"ன்னாரு. இன்ஜினை ஆடாம அடியில பிடிச்சு நிறுத்துற டார்க் ராடுதான் போயிருந்துச்சு. அதுக்குப் புது ஒரிஜினல் போடலாமா, லேத்துல கடைஞ்ச புஷ் போடலாமா, பாலி இன்சர்ட் வைக்கலாமான்னு மூணையும் பாத்துட்டுத்தான் இதை எழுதுறேன்.

இந்த டெஸ்ட்டை முதல்லயே பண்ணியிருந்தா ரெண்டு பார்ட்டு காசு மிச்சம். உங்க வண்டியிலயும் இந்த மாதிரி சத்தம் வந்தா, வேற எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

இந்த வண்டியில இன்ஜினைப் பிடிச்சிருக்கிறது மூணு மவுண்டிங். வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் கியர்பாக்ஸ் மேல ஒண்ணு, கனத்தைத் தாங்குறது இந்த ரெண்டும்தான். மூணாவது அடியில இருக்கு, நாய்க்குப் போடுற எலும்பு மாதிரி ஷேப்புல, அதனாலதான் அதுக்கு டாக்போன்னே பேரு, நம்ம ஊர்ல டார்க் ராடுன்னுவாங்க. அது ஒரு கிலோ கனம்கூட தாங்காது. ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா சக்கரம் ஒரு பக்கம் சுத்த, இன்ஜின் எதிர்ப்பக்கம் சுத்தப் பாக்கும் இல்லையா, அதைப் பிடிச்சு நிறுத்துறது மட்டும்தான் அதோட வேலை. அதோட பெரிய புஷ்ஷுல, அதாவது முனையில இருக்கிற ரப்பர் வளையத்துல, ரப்பரைச் சுத்தி பெரிய பெரிய ஓட்டையா விட்டிருப்பான். சும்மா நிக்கும்போது இன்ஜின் ஆடுற ஆட்டம் அந்த ஓட்டைக்குள்ளயே அடங்கிடணும், பாடிக்கு வரக்கூடாதுன்னுதான் அந்த ஓட்டை. இன்சர்ட்டுங்கிறது அந்த ஓட்டையை அடைக்கிற பாலியூரித்தேன் (சுருக்கமா பாலி) துண்டு, அவ்வளவுதான். நல்லதும் கெட்டதும் ரெண்டும் இந்த ஒரு விஷயத்துல இருந்துதான் வருது, அதைக் கீழ சொல்றேன்.

ஒரிஜினல் பத்திப் பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. புது ராடு போட்ட அன்னிக்கே சத்தம் நின்னுடுச்சு, ஐடில்ல, அதாவது வண்டி சும்மா நிக்கும்போது, இன்ஜின் ஓடுதா இல்லையான்னே தெரியல. வீட்டுல நாலு பேரு ஓட்டுற வண்டி, சத்தம் மட்டும் போனா போதும்னா இதைப் போட்டுட்டு இந்தக் கட்டுரையை இங்கயே மூடிடலாம், தப்பே இல்ல. ஒரே யோசனை, ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இந்தியாவுல கார் செய்றதை நிறுத்துறோம்னு அறிவிச்சாங்க, மறைமலை நகர்ல 2022ல கடைசி எக்கோஸ்போர்ட்டும் இறங்கியாச்சு. பார்ட்ஸ் குடுப்போம்னு சொல்லியிருக்காங்க, எனக்கும் கிடைச்சுது. ஆனா போடுற ஒவ்வொரு பார்ட்டையும் கொஞ்சம் நாள் கூட உழைக்க வெப்போம்ங்கிற எண்ணம் இந்த வண்டி வெச்சிருக்கிறவங்க எல்லாருக்கும் வந்துடுச்சு.

ஆனா ஒரிஜினலுக்கு நான் முதல்லயே போகல. முதல்ல போனது லேத்துக்கு. கோயம்புத்தூர்ல இருந்துக்கிட்டு லேத்துக்குப் போகலைன்னா எப்படி. பழைய புஷ்ஷை அமுக்கி வெளிய எடுத்துட்டு, நைலான் ராடுல அதே அளவுக்குக் கடைஞ்சு அடிச்சுக் குடுத்தாங்க, காசு ஒரு குடும்பம் பிரியாணி சாப்பிடுற அளவுகூட ஆகல. கியர் விழுந்தது பாருங்க, வெண்ணெய்ல கத்தி விட்ட மாதிரி. அந்தச் சந்தோஷம் முதல் சிக்னல் வரைக்கும்தான். வண்டி நின்னதும் மாவு மில்லுக்குள்ள உக்காந்த மாதிரி ஆயிடுச்சு, டோர் பேடு, கிளவ் பாக்ஸ், சன்கிளாஸ் வைக்கிற பெட்டி எல்லாம் கோரஸா பாடுது. ஒம்பது நாள் தாங்கினேன். நைலான்ல ரப்பர் மாதிரி அமுங்குற குணமே கிடையாது, இன்ஜினோட ஒவ்வொரு அடியும் நேரா சப்ஃபிரேம்ல, அதாவது ராடு மாட்டியிருக்கிற அடிச்சட்டத்துல, விழுது. லேத்துக்காரரு மேல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல, நான் கேட்டதை அவரு கரெக்டா செஞ்சு குடுத்தாரு, நான் கேட்டதுதான் தப்பு.

முழு ராடையே அலுமினியம், பாலில செஞ்சு விக்கிறாங்க, அது ரேஸ் டிராக் சமாச்சாரம், நான் கையால தொட்டதில்ல. கார் கண்ணாடி ஒட்டுற பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட்டை அந்த ஓட்டையில நிரப்பி ரெண்டு மூணு நாள் காயவிடுற வைத்தியமும் ஒண்ணு உண்டு, அமெரிக்காவுல பழைய ஹோண்டா வெச்சிருக்கிறவங்க ரொம்ப காலமா பண்றது. மலிவு. ஆனா ஒரு தடவை ஊத்தினா ஊத்தினதுதான், பிடிக்கலைன்னா ராடையே தூக்கிப் போடணும். எனக்கு அது ஒத்துவரல.

இப்ப இன்சர்ட். எக்கோஸ்போர்ட்டும் அந்தக் காலத்து ஃபியஸ்டாவும் ஒரே பிளாட்ஃபார்ம், அதனால இங்கிலாந்துல ஃபியஸ்டாக்குன்னு கிடைக்கிற பொருள் நிறைய நமக்கும் உக்காரும், வாங்குறதுக்கு முன்னாடி ராடோட பார்ட் நம்பரை மட்டும் ஒத்துப் பாத்துக்கணும். இந்த வேலைக்கு இங்கிலாந்து பவர்ஃப்ளெக்ஸ், ஆஸ்திரேலியா சூப்பர்புரோ எல்லாம் பேரெடுத்த கம்பெனிங்க. பவர்ஃப்ளெக்ஸ்ல ஊதா கலர் ரோட்டுக்கு, கறுப்பு டிராக்குக்கு. ஊதா ஷோர் ஏ அளவுல 80, கறுப்பு 95, நம்பர் கூடக் கூடக் கெட்டின்னு அர்த்தம். கறுப்பு பக்கம் போகவே போகாதீங்க. லண்டன்ல இருந்து வந்த அக்கா வீட்டு மாமா சூட்கேஸ்ல போட்டுக் கொண்டு வந்து குடுத்தாரு. உள்ளங்கையில அடங்குற ஊதா பாலி துண்டு, இதுக்காடா இத்தனை ஃபோன் பண்ணுனன்னு கேட்டாரு.

மாட்டுறது ஈஸி. வண்டியை லிஃப்ட்ல ஏத்தி ராடைக் கழட்டணும், மேல ரெண்டு மவுண்டிங் கனத்தைத் தாங்கிக்கிறதால இன்ஜின் கீழ விழாது, கொஞ்சம் ஆடும் அவ்வளவுதான். கூட வந்த சிலிக்கோன் கிரீஸைத் தடவி ஓட்டைக்குள்ள அமுக்கணும், வீல் பேரிங்குக்குப் போடுற சாதா கிரீஸைத் தடவாதீங்க. ராடை மாட்டி போல்ட்டைக் கையால ஓட்டிட்டு, இன்ஜினை முன்னும் பின்னும் ஒரு ஆட்டு ஆட்டி அது தானா நிக்கிற இடத்துல நின்னதும் முறுக்கணும். இல்லைன்னா புஷ் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கும். மொத்தம் ஒரு மணி நேரம், அதுலயும் பாதி நேரம் டீ.

இதுல ஒரே ஒரு விஷயம்தான் முடிவு பண்ணணும், அது ஐடில் வைப்ரேஷன். கியர் நல்லா விழுமா, சத்தம் போகுமா, எல்லாத்துக்கும் ஆமாதான் பதில், அதுல சந்தேகமே வேண்டாம். சிக்னல்ல ஏசி போட்டு நிக்கும்போது உங்களால தாங்க முடியுமாங்கிறதுதான் கேள்வி. நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வெடிக்கும், 800 ஆர்பிஎம்னா செகண்டுக்கு கிட்டத்தட்ட 27 தடவை அடி விழும். ஓட்டை இருந்தப்ப அந்த 27 அடியும் ரப்பருக்குள்ள செத்துப் போச்சு, இப்ப அந்த ஓட்டையை நாம அடைச்சாச்சு. ஏசி கம்ப்ரசர் கூடச் சேந்தா இன்ஜினுக்கு லோடு ஏறி அடி இன்னும் பலமா விழும். முதல் நாள் லட்சுமி மில்ஸ் சிக்னல்ல நிக்கிறேன், ரியர் வியூ கண்ணாடியில பின்னாடி நிக்கிற பஸ்ஸோட போர்டுல சிவப்பு எழுத்து இருக்குன்னு தெரியுது, என்ன ஊருன்னு படிக்க முடியல. கம்ப்ரசர் கட் ஆனா காந்திபுரம்னு தெளிவா வருது, திரும்ப ஆன் ஆனா கலங்கிடுது. பக்கத்துல வீட்டுக்காரம்மா "சலூன்ல மசாஜ் சேர் போட்டிருப்பாங்களே, அந்த மாதிரி இருக்கு, நல்லாத்தான் இருக்கு"ன்னாங்க, அது பாராட்டு இல்லைன்னு உங்களுக்கே தெரியும்.

அன்னிக்கே கழட்டியிருப்பேன், மெக்கானிக்தான் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டுப் பேசுங்கன்னாரு. உண்மைதான், பாலி அமுங்கி உக்கார நாளாகுது. 700, 800 கிலோமீட்டர்ல பாதியா குறைஞ்சுது, இப்ப போர்டு படிக்க முடியுது, ஸ்டீரிங்ல மட்டும் ஒரு சின்ன நமநமப்பு, அதுவும் காலையில முதல் ஸ்டார்ட்லயும் ஏசி முழுசா ஓடும்போதும்தான். 1,100 ஆர்பிஎம் தாண்டிட்டா ஒண்ணுமே தெரியாது, ஹைவேல ஒரிஜினலுக்கும் இதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்கு முடியல. ஆனா பூரா போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கொஞ்சம் இருந்துக்கிட்டேதான் இருக்கும், அதோட வாழப் பழகணும். ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் சிக்னல் சிக்னலா நிக்கிறவரு நீங்கன்னா, ஒரிஜினலே போதும்.

இதே காரணத்துக்காகத்தான் மூணு சிலிண்டர் எக்கோஸ்போர்ட்காரங்க, அதாவது 1.0 எக்கோபூஸ்ட்டும் 2017ல வந்த 1.5 டிராகன் பெட்ரோலும் வெச்சிருக்கிறவங்க, இதை யோசிச்சுச் செய்யணும். அங்க செகண்டுக்கு 20 அடிதான், ஆனா ஒவ்வொண்ணும் மெதுவா, பெருசா விழும், அந்த மாதிரி ஆட்டத்தை உடம்பு நல்லாவே கண்டுபிடிக்கும். நான் ஓட்டினது டீசல் மட்டும்தான், அதனால அவங்களுக்கு என் வாக்கை அப்படியே எடுத்துக்காதீங்க.

சரி இவ்வளவு ஆட்டத்தையும் தாங்கிக்கிட்டு ஏன் வெச்சிருக்கேன்னா, வால்பாறை. ஆழியார்ல இருந்து 40 ஹேர்பின், எல்லாமே செகண்ட் கியர், வளைவுல காலை எடுத்து திரும்ப மிதிக்கணும். முன்னாடி ஒவ்வொரு வளைவுலயும் மிதிச்சதும் ஒரு அரை நொடி இன்ஜின் தூங்கி எந்திரிச்சு அப்புறம் வண்டி இழுக்கும், பின் சீட்டுல இருந்தவங்க தலை முன்னயும் பின்னயும் போகும், பதினஞ்சாவது வளைவுல எங்க பொண்ணு கவர் கேப்பா. போன மாசம் போனப்ப மிதிச்ச இடத்துல வண்டி இழுத்துச்சு, அட்டகட்டி வரைக்கும் கவர் கேக்கவே இல்ல. டவுன்ல அடைச்சுக்கிட்டு ஊர்றப்பவும் அந்தக் குலுக்கல் இல்ல. பிக்கப் கூடல, மைலேஜ் கூடல, அதெல்லாம் கூடுச்சுன்னு சொல்றவங்க கற்பனை பண்றாங்க, கால் மிதிக்கிறதுக்கும் வண்டி நகர்றதுக்கும் நடுவுல இருந்த இடைவெளி போயிடுச்சு, அதுதான் வேகமான மாதிரி தோணுது.

முக்கியமா ஒண்ணு. கிழிஞ்ச ரப்பர்ல இன்சர்ட்டைச் சொருகி ஒப்பேத்தப் பாக்காதீங்க. ஃபிகோ வெச்சிருக்க நண்பர் ஒருத்தர் அதைப் பண்ணாரு, மூணு வாரம் சூப்பரா இருந்துச்சு, அப்புறம் கிழிசல் பெருசாகி இன்சர்ட்டு ஒரு பக்கமா பிதுங்கி வெளிய எட்டிப் பாத்துச்சு. கூட இருக்க ரப்பர் நல்லா இருந்தாத்தான் இதுக்கு வேலை. நான் புது ஒரிஜினல் ராடு போட்டு நாலு மாசம் ஓட்டிட்டு, அதுக்குள்ளதான் இன்சர்ட் வெச்சேன், ஆக ரெண்டு செலவும் உண்டு, இதை வெச்சா ஒரிஜினல் காசு மிச்சம்னு கணக்குப் போடாதீங்க. அதே மாதிரி மேல வலது பக்க மவுண்டிங் போயிருந்தா கீழ எதைச் சொருகினாலும் பிரயோஜனம் இல்ல, இன்ஜின் ஒரு பக்கம் இறங்கியிருக்கான்னு முதல்ல பாத்துக்குங்க.

இன்சர்ட் போட்டு 14,000 கிலோமீட்டர்தான் ஆகுது, அதுக்கு மேல எப்படி உழைக்கும்னு இன்னும் ஓட்டித்தான் பாக்கணும். ஆயில் பட்டா ரப்பர் ஊதிப் போற மாதிரி பாலி ஊதாது, அது ஒரு பிளஸ். வண்டியை விக்கிறப்போ ராடைக் கழட்டி ஊதா துண்டைப் பிடுங்கிட்டா பழைய ஒரிஜினல் அப்படியே இருக்கும், வாங்குறவருகிட்ட விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்க வேண்டியதில்ல. போட்டு 500 கிலோமீட்டர்ல போல்ட்டை ஒரு தடவை டார்க் ரெஞ்ச் (எவ்வளவு முறுக்குறோம்னு அளவு காட்டுற ஸ்பேனர்) வெச்சு செக் பண்ணிடுங்க, எனக்கு ஒரு போல்ட் கால் சுத்து வாங்குச்சு.