எராஸ்மஸ்: ஒரு பருவமா, ஒரு வாரமா?

ஐரோப்பாவில் ஆசிரியர் பயிற்சி படிக்கும் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். 1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய ஒன்றிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் வழியாக வேறு நாட்டில் ஒரு பருவம் (செமஸ்டர்) படிக்கலாம். இல்லையென்றால் அதே திட்டத்தில் 2021-இல் வந்த குறுகிய கலப்புப் பயிற்சி: 5 முதல் 30 நாள் நேரில், மீதி இணையத்தில்.

செலவு
பருவம்: போகும் இடத்தில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் உதவித்தொகை மட்டும் பெரும்பாலும் போதாது.
குறுகியது: கையைக் கடிக்காது.

கிரெடிட்
பருவம்: வழக்கமாக 30 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் புள்ளி). எந்தப் பாடங்கள் உங்கள் கல்லூரியில் செல்லும் என்பதைக் கிளம்பும் முன்பே, இரு கல்லூரிகளும் உங்களோடு கையெழுத்திடும் கற்றல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.
குறுகியது: குறைந்தது 3.

வகுப்பறை
பருவம்: விஷயமே இங்கேதான். பின்லாந்தில் பிள்ளைகள் ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். 45 நிமிடப் பாடம் முடிந்தால் 15 நிமிடம் வெளியே ஓட்டம், பனியிலும்கூட. முதலில் ஒழுங்கே இல்லாததுபோலத் தோன்றும். திரும்பி வரும் சிறுவன் தானே காலணியைக் கழற்றி வைத்துவிட்டு நோட்டைத் திறப்பதை மாதக்கணக்கில் பார்த்தால்தான், அந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்று பிடிபடும்.
குறுகியது: வகுப்பை எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஆனால் குறைந்தது மூன்று நாட்டுக் கல்லூரிகள் சேர்ந்து நடத்துவதால், ஒரே பாடத்திட்டத்தைப் பல நாட்டுக்காரர்களோடு விவாதிக்கலாம். அது பருவத்தில் எளிதில் அமையாது.

வேலை, குழந்தை, இறுதிப் பயிற்சி என்று நேரம் இல்லாதவர்களுக்குக் குறுகியதே சரி. ஆறு மாதம் ஒதுக்க முடிந்தால், கொஞ்சம் கடன் வாங்கியாவது பருவத்துக்கே போங்கள். அப்புறம், உள்ளூர் மொழியில் பத்து வாக்கியமாவது பழகிக்கொண்டு போங்கள். சின்னப் பிள்ளைகளிடம் ஆங்கிலம் எடுபடாது.