‘லோ கார்ப் மெனு’ போர்டை நம்பி உட்காராதீர்கள்: என் மீட்டரில் 267 காட்டிய மதியச் சாப்பாடு

கோவையில் இருப்பவர்களுக்கு, குறிப்பாகச் சர்க்கரைக்காக மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் இதை மட்டும் படித்துவிட்டுப் போகலாம்: வாசலில் ‘கீட்டோ, பேலியோ, லோ கார்ப்’ (எல்லாமே மாவுச்சத்தை, அதாவது கார்ப்பைக் குறைக்கும் சாப்பாட்டு முறைகள்) என்று போர்டு தொங்குகிறது என்பதற்காக எதையும் விசாரிக்காமல் ஒரு ஹோட்டலில் இலை போடச் சொல்லாதீர்கள். நான் அப்படிச் சொல்லித்தான் மாட்டிக்கொண்டேன்.

எனக்கு 51 வயது. சர்க்கரை வந்து ஒன்பது வருடம். பதினான்கு மாதங்களாகச் சோறு, இட்லி, சப்பாத்தி எதுவும் கிடையாது. ஒரு நாளைக்கு மாவுச்சத்து 50 கிராமுக்குள். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 9.1 இருந்தது, இப்போது 6.4. மாத்திரையை டாக்டர்தான் பார்த்துப் பார்த்துக் குறைத்தார், நானாக நிறுத்தவில்லை. வீட்டுச் சாப்பாட்டில் பிரச்சினையே இல்லை. வெளியே சாப்பிடுவதுதான் தலைவலி. அதனாலேயே கல்யாண நாளுக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, அந்த ஹோட்டலின் பெயரைச் சொன்னதும் எனக்கு வாயெல்லாம் பல். நமக்கென்றே ஒருத்தன் கடை திறந்து வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மெனு கார்டில் ஒரு பக்கம் முழுக்கப் பச்சை எழுத்து. ‘லோ கார்ப் தாலி, 480 ரூபாய், 15 கிராம் கார்ப் மட்டும்.’ சிக்கன் சூப், கிரில் சிக்கன், பனீர் மசாலா, இரண்டு பாதாம் ரொட்டி, காலிஃபிளவர் ரைஸ், கடைசியில் ‘சுகர் ஃப்ரீ’ கேரட் அல்வா. அல்வாவைப் பார்த்தபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். ஆனால் பதினான்கு மாதம் கழித்து ரொட்டியைப் பிய்த்து மசாலாவில் தொட்டுச் சாப்பிடும் ஆசை இருக்கிறதே, அது யோசிக்க விடாது. ரொட்டி மெத்தென்று இருந்தது. வீட்டில் பாதாம் மாவில் ரொட்டி தட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மெத்தென்று வரவே வராது. கல்லில் போட்டால் உடையும், தூக்கினால் கிழியும். இங்கே வந்தது இழுத்தால் நீளும் ரொட்டி. மனைவி சொன்னாள், “என்னங்க, இது நம்ம சப்பாத்தி மாதிரியே இருக்கே.” நான்தான், “ஹோட்டல்ல அதுக்கெல்லாம் ஒரு பக்குவம் வெச்சிருப்பாங்க” என்று பெரிய மனுசன் மாதிரி பதில் சொன்னேன்.

சாப்பிட உட்காரும் முன் மீட்டரில் சர்க்கரை பார்த்தபோது 112. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டில் பார்த்தால் 267. கை சரியாகக் கழுவவில்லையோ, அல்வாப் பிசுக்கு ஏதாவது விரலில் ஒட்டியிருக்கிறதோ என்று சோப்புப் போட்டுக் கழுவி, வேறு விரலில் குத்திப் பார்த்தேன். 261. என் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரத்தில் 140ஐத் தாண்டி ஒரு வருடம் ஆகிறது. அன்று ராத்திரி முழுக்கத் தாகமும் தலை கனமும். காலை வெறும் வயிற்றில் 154.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். பனீர் அதிகமோ, ஸ்ட்ரிப் பழசோ என்றெல்லாம். எட்டாவது படிக்கும் என் மகள்தான், “அப்பா, ஸ்டார்ச் இருக்கான்னு அயோடின் விட்டுப் பார்க்கலாமே, எங்க புக்ல இருக்கு” என்றாள். அடுத்த வாரம் அதே தாலியைப் பார்சல் வாங்கி வந்தேன். இன்னொரு 480, பார்சல் டப்பாவுக்கு 20 தனி. வீட்டில் காயத்துக்குப் போடும் பழுப்பு நிற அயோடின் மருந்து இருந்தது. அதில் கொஞ்சம் தண்ணீர் கலந்து சொட்டு மருந்து பாட்டிலில் நிரப்பினோம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு உருளைக்கிழங்குத் துண்டு, நான்கு சோற்றுப் பருக்கை, வேகவைத்த காலிஃபிளவர், வீட்டில் வைத்திருந்த பாதாம் மாவு. உருளைக்கிழங்கும் சோறும் உடனே கருநீலம். காலிஃபிளவரும் பாதாம் மாவும் பழுப்பாகவே நின்றன.

ஹோட்டல் ரொட்டியில் ஒரு சொட்டு விட்டதும் பேனா மை கொட்டியது போல ஆகிவிட்டது. காலிஃபிளவர் ரைஸ் அதைவிடச் சுவாரசியம். பெரும்பாலும் பழுப்பு, நடுநடுவே கருநீலப் புள்ளிகள். குச்சியால் ஒதுக்கிப் பார்த்தால் குருணை. பொடியாக நறுக்கிய காலிஃபிளவரோடு வெந்த குருணை அரிசியைக் கலந்திருக்கிறார்கள். நிறமும் அளவும் ஒன்றுபோல இருப்பதால் தட்டில் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. சூப்பும் நீலம். கிரில் சிக்கன் மேலிருந்த பூச்சும் நீலம். மகளுக்கு ஒரே குஷி, எல்லாவற்றையும் படம் எடுத்தாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நீலம் வந்தால் ஏதோ மாவு இருக்கிறது என்று தெரியும். கோதுமையா, மைதாவா, கடலை மாவா, எவ்வளவு என்று சொல்லாது. சர்க்கரை, தேன், வெல்லம் எதுவும் இதில் மாட்டாது. அப்புறம், மருந்து விட்டதை யாரும் வாயில் வைக்காமல் குப்பையில் போடுங்கள். எங்கள் வீட்டுப் பூனை கிரில் சிக்கனுக்காகக் கொஞ்ச நேரம் மேசையடியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

படங்களோடு ஹோட்டலுக்குப் போனேன். மேனேஜர் தம்பி மரியாதையாகத்தான் பேசினார். “ஏனுங்க சார், பாதாம் மாவு கிலோ ஆயிரத்தைத் தாண்டுதுங்க. முழுக்க அதையே போட்டா 480க்குக் கட்டுபடியாகுங்களா? பைண்டிங்குக்குக் கொஞ்சம் ஆட்டா சேர்ப்போமுங்க.” கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். கொஞ்சம் என்றே திரும்பச் சொன்னார். அரிசி ஏன் வந்தது என்றதற்கு, “வெறும் காலிஃபிளவர்னா கஸ்டமருக்கு ரைஸ் ஃபீல் வரலைங்க.” அல்வா? “சக்கரையே போடலைங்க சார், நாட்டுச்சக்கரைதான் போட்டிருக்கோம்.”

இந்தக் கடைசிப் பதிலில்தான் விஷயமே இருக்கிறது. அவர் பொய் சொல்வதாக அவருக்கே தோன்றவில்லை. வெள்ளைச் சர்க்கரைதான் சர்க்கரை, நாட்டுச்சர்க்கரையும் தேனும் கருப்பட்டியும் ‘ஆரோக்கியம்’ என்று ஊரே நம்புகிறது. என் மீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுத வேண்டுமானால் 100 கிராமுக்குச் சர்க்கரை அரை கிராமைத் தாண்டக் கூடாது என்பது எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதி. நாட்டுச்சர்க்கரை போட்ட அல்வா அதன் பக்கத்தில்கூட வராது. சப்பாத்தி விஷயமும் இதே கதைதான். சுகர் என்று வாயைத் திறந்தாலே, “அப்போ சப்பாத்தி தரட்டுங்களா” என்று கேட்காத சர்வரை நான் பார்த்ததில்லை. 100 கிராம் கோதுமை மாவில் 70 கிராமை ஒட்டி மாவுச்சத்து. அரிசி மாவு அதைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

பணத்தைத் திருப்பித் தரச் சொன்னேன். அதற்குப் பதில் “சுகர் ஃப்ரீ பிரவுனி ஒண்ணு காம்ப்ளிமென்ட்ரியா எடுத்துக்கங்க சார்” என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வெளியே வண்டி எடுக்கும்போது சமையல்கட்டு மாஸ்டர் ஒருவர் டீ குடித்துக்கொண்டு நின்றார். அவரிடம் பேச்சுக் கொடுத்ததில் ஒரு டீ செலவில் நிறையக் கற்றுக்கொண்டேன். சூப் எந்தச் சூப்பாக இருந்தாலும் கார்ன்ஃப்ளவர் கரைத்து ஊற்றித்தான் கெட்டியாக்குகிறார்களாம். ஒரு டேபிள்ஸ்பூனில் 7 கிராம் மாவுச்சத்து போய்விடும். கிரில் சிக்கனுக்கு மசாலா பிடிக்க மாவு, பளபளப்புக்குத் தேனும் தக்காளி சாஸும். பனீர் கிரேவியில் புளிப்பை அடக்கச் சர்க்கரை. “எல்லா ஊர்லயும் இப்படித்தானுங்க. நீங்க தனியாச் சொன்னா தனியாப் போட்டுத் தருவோம். ஆனா சர்வர் எங்க வந்து சொல்றான்?” என்றார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

15 கிராம் என்று மெனுவில் அச்சடித்தது யார் கணக்கு? சின்ன ஹோட்டல்களை இந்த விஷயத்தில் யாரும் கேட்பதில்லை. மெனுவில் கலோரி போட வேண்டும் என்ற விதி 2022 ஜூலை முதல் வந்தாலும், அது மத்திய உரிமம் வாங்கியவர்களுக்கும் பத்து இடத்திலோ அதற்கு மேலோ கிளை வைத்திருப்பவர்களுக்கும்தான். ஒற்றைக் கடைக்காரர் எந்த எண்ணை வேண்டுமானாலும் பச்சை மையில் எழுதிக்கொள்கிறார். இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் இந்த 15ஐ நம்பி மருந்தைக் கூட்டிக் குறைக்கவே கூடாது. எனக்கு 267ஓடு போனது. என்னைவிட மோசமான நிலையில் இருப்பவருக்கு அப்படிப் போகாது.

இப்போது நான் பழையபடி சாதாரண மெஸ்ஸுக்கே திரும்பிவிட்டேன். அங்கே யாரும் எனக்காக மெனு எழுதவில்லை, அதனால் ஏமாற்றவும் வழியில்லை. எதில் மாவை ஒளிக்க முடியாதோ அதைக் கேட்டு வாங்குகிறேன். நம் கொங்குப் பக்கம் இதற்குக் கொடுத்து வைத்த ஊர். பள்ளிபாளையம் சிக்கனில் சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, எண்ணெய். சிந்தாமணி சிக்கனில் அதுவும் குறைவு. மட்டன் சுக்கா, ஈரல், குடல் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சமையல். கலக்கி (அரைவேக்காட்டு முட்டை) கேட்டால் ‘குழம்பு ஊத்தாம, மிளகு மட்டும்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஊற்றும் குருமாவில் பொட்டுக்கடலை அரைத்திருக்கலாம். மீன் வறுவலில் அரிசி மாவோ கார்ன்ஃப்ளவரோ போடும் கடைகள் உண்டு, எனவே மொறுமொறு என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். சில்லி சிக்கன், 65 பக்கமே போகாதீர்கள். ரோட்டுக்கடைக் காளானைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பேர்தான் காளான், உள்ளே முட்டைக்கோஸும் மைதாவும் கார்ன்ஃப்ளவரும். எனக்கு ரொம்பப் பிடிக்கும், அது வேறு விஷயம்.

கிரில் சிக்கன் கடையில் மயோனைஸ் தொட்டுக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டது. கிருமி ஆபத்தைப் பார்த்தால் அது சரிதான். ஆனால் அதற்குப் பதிலாகக் கடைகள் வைக்கும் முட்டையில்லா மயோனைஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சர்க்கரையும் ஸ்டார்ச்சும் இருக்கிற பாக்கெட்டுகள்தான் என் கண்ணில் நிறையப் பட்டன.

சைவ ஹோட்டலில் பாடு அதிகம். “மீல்ஸ், ஆனா சாதம் வேண்டாம், பொரியல் மட்டும் ரெண்டு தடவை” என்று சொன்னால் சர்வருக்கு நம் வீட்டில் ஏதோ துக்கம் என்று தோன்றிவிடுகிறது. “கொஞ்சமாச்சும் போட்டுக்கங்க” என்று கரண்டியோடு நிற்கிறார். கீரை, அவரைக்காய், முட்டைக்கோஸ் பொரியல், மோர், கூடவே ஒரு பனீர் டிக்கா (மாவு தடவாமல் என்று சொல்லி) போதும். பீட்ரூட்டில் சர்க்கரை போடும் கடைகள் உண்டு. அப்புறம், ‘கார்ப் இருக்கா’ என்று கேட்டுப் பயனில்லை. ‘இதுல என்ன மாவு போடறீங்க? சக்கரை, வெல்லம், தேன், சாஸ் ஏதாவது சேர்ப்பீங்களா? மாஸ்டரைக் கேட்டுட்டு வந்து சொல்லுங்கண்ணா’ என்று கேளுங்கள். சர்வர் உள்ளே போகாமல் அங்கேயே நின்று “அதெல்லாம் இல்லைங்க” என்றால் வேறு ஏதாவது சொல்லிவிடுங்கள்.

ஹோட்டலின் பெயரை இங்கே போடவில்லை. உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். பில்லில் இருக்கும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைக் குறிப்பிட்டு, மெனு படம், மீட்டர் படம் எல்லாம் சேர்த்திருக்கிறேன். பணத்துக்காகத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவு செய்தாயிற்று. உங்களுக்கும் இப்படி நடந்தால் பில்லைக் கசக்கிப் போடாதீர்கள், பார்சலில் கொஞ்சம் ஃப்ரீசரில் வையுங்கள். நான் அன்று கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

நேற்று அந்த வழியாகப் போனேன். போர்டில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: ‘டயாபெடிக் ஸ்பெஷல் பிரியாணி’. புகாருக்குப் பதில் வந்ததும் இதே பதிவின் கீழே எழுதுகிறேன்.